கொழும்பை நிறுக்கும் தராசில் நம் பிள்ளைகள் எந்தத் தட்டில்?

நிறுவையைப் பற்றி நமக்கு யாரும் வகுப்பு எடுக்கத் தேவையில்லை. கொழுந்து மடுவத்தில் தராசு முள் எங்கே நிற்கிறது, கணக்கப்பிள்ளை என்ன சொல்கிறார், சாக்குக்கு எத்தனை கிலோ கழிக்கிறார், மழைத் தண்ணீருக்கு எத்தனை கிலோ கழிக்கிறார், கடைசியில் துண்டில் எதை எழுதுகிறார் என்பதைச் சிறு வயதிலிருந்தே பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ஒரு கிலோ குறைந்தால் முழுப்பேர் அரைப்பேராகிவிடும். மாதக் கடைசியில் அது சம்பளத் துண்டில் தெரியும்.

அதனால்தான் கொழும்பில் நடக்கும் வேறொரு நிறுவையைப் பற்றி இந்த இதழில் பேச நினைத்தோம். கொழும்பு, கம்பஹா, களுத்துறை ஆகிய மூன்று மாவட்டங்களையும் சேர்த்து ஒரே பெருநகரமாகப் பார்ப்பது. அதன் பொருளாதாரம் எவ்வளவு வளர்கிறது என்று கணக்கிடுவது. சிங்கப்பூர், டுபாய், சென்னை, பெங்களூர், டாக்கா போன்ற நகரங்களுக்குப் பக்கத்தில் நிறுத்தி யார் உயரம், யார் குள்ளம் என்று பார்ப்பது. பல வருடங்களாக இந்த வேலை நடக்கிறது. 2014இல் துறைமுக நகரத்துக்காகக் கடலை நிரப்பத் தொடங்கினார்கள். 269 ஹெக்டேயர் புதிய நிலம் வந்தது. 2015இல் மேல் மாகாண அபிவிருத்திக்கென்றே ஓர் அமைச்சு உருவானது. 2016 ஜனவரியில் 'மெகாபொலிஸ்' பெருந்திட்டம் வெளியானது. 2021இல் துறைமுக நகரத்துக்குத் தனிச்சட்டம் வந்தது. அரசாங்கங்கள் மாறின, திட்டங்களின் பெயர்களும் மாறின. "சிங்கப்பூரைப் பார், டுபாயைப் பார்" என்ற பேச்சு மட்டும் மாறவில்லை.

இதை ஒரு வட்டாரக் கூட்டத்தில் எடுத்தபோது, "அது கொழும்புக்காரன் விஷயம், நமக்கு ஏன்?" என்று ஒரு தோட்டத் தலைவர் கேட்டார். அவருடைய மகன் புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறான். மகள் கட்டுநாயக்கவில் தையல் ஆலையில் இருக்கிறாள். அது நினைவுக்கு வந்ததும் அவரே சிரித்துவிட்டார்.

சரி, கணக்குக்கு வருவோம். மத்திய வங்கி ஒவ்வொரு வருடமும் நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியை மாகாணவாரியாகப் பிரித்து வெளியிடுகிறது. அதில் ஏறக்குறைய நாற்பது சதவீதமோ அதற்குச் சற்று மேலோ மேல் மாகாணத்தின் பங்காக வருகிறது. 2012 குடிசன மதிப்பீட்டின்படி அந்த மாகாணத்தில் வாழ்ந்தவர்கள் 58 இலட்சம் பேர். நாட்டின் மொத்தச் சனத்தொகை 2 கோடி 3 இலட்சத்துக்கு மேல். அதாவது நூறு பேரில் 29 பேருக்குச் சற்றுக் குறைவு. 40 என்றே வைத்துக்கொண்டு வகுத்துப் பாருங்கள். நாட்டின் தலைக்குரிய சராசரியை 100 என்று எடுத்தால் மேல் மாகாணத்தில் ஒரு தலைக்கு 139 வரும். மற்ற எட்டு மாகாணங்களையும் சேர்த்தால் ஒரு தலைக்கு 84. நம்மைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் என்று இதைப் படித்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடலாம். ஆனால் மடுவத்தில் கேட்கிற கேள்வியை இங்கேயும் கேட்போம். இந்தத் தராசை யார் பிடிக்கிறார், எதைக் கழிக்கிறார்?

முதலில் எல்லை. கொழும்பு மாநகரசபையின் பரப்பு 37 சதுர கிலோமீற்றர்தான். 2012இல் அங்கே இருந்தவர்கள் 5 இலட்சத்து 61 ஆயிரம் பேர். சென்னை மாநகராட்சியோ 2011இல் ஒரே அடியாக 174 சதுர கிலோமீற்றரிலிருந்து 426 ஆக விரிந்தது. பக்கத்து ஊர்களைச் சேர்த்துக் கோட்டை மாற்றிப் போட்டதால் வந்த பெருக்கம் அது. அதற்காக யாரும் புதிதாக ஓர் ஆலை கட்டவில்லை. சிங்கப்பூர் ஒரு முழு நாடு; அதற்குப் பின்னால் மலையும் இல்லை, தோட்டமும் இல்லை. நம் நாட்டிலோ மாநகரசபை, நகரசபை எல்லைக்குள் இருந்தால்தான் நகரம். கொழும்புக்குப் பக்கத்தில் நெருக்கியடித்து வீடுகள் நிற்கும் பிரதேச சபைப் பகுதிகள்கூடக் கணக்கில் கிராமம். இப்படி ஒவ்வொரு ஊருக்கும் ஒவ்வோர் அளவுகோலை வைத்துக்கொண்டு முதலிடம், ஐந்தாமிடம் என்று பட்டியல் போட்டால், அந்தப் பட்டியலில் பாதி கோடு கிழித்தவனின் வேலை.

அடுத்தது காசு. பிற நாட்டு நகரங்களோடு ஒப்பிடும்போது டொலரில் சொல்வார்கள். 2022 மார்ச்சில் ரூபாவை மிதக்க விட்டபோது 200 ரூபாவாக இருந்த டொலர் சில வாரங்களில் 300ஐத் தாண்டியது. கொழும்பின் உற்பத்தி டொலர்க் கணக்கில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சரிந்தது. அந்தச் சில வாரங்களில் மூன்றில் ஒரு பங்கு கடைகளும் ஆலைகளும் மூடப்பட்டிருந்தால்தான் அப்படிச் சொல்ல நியாயம் இருந்திருக்கும். டொலர் ஏறினால் இறங்குவதும் இறங்கினால் ஏறுவதுமாக இருக்கும் ஒரு எண்ணை வைத்து, வேலை செய்கிறவன் நன்றாக இருக்கிறானா என்று யாரும் சொல்ல முடியாது.

நமக்கு முக்கியமானது இதற்கு அடுத்த விஷயம்தான்.

கொழும்பு எப்படிக் கொழும்பானது? முன்பு இலங்கையின் பெரிய துறைமுகம் காலி. கோப்பியை மலையிலிருந்து இறக்குவதற்காகவே ரயில் பாதை போட்டார்கள். அது 1867இல் கண்டியைத் தொட்டது, 1885இல் நானுஓயாவைத் தொட்டது. பாதை போய் முடிந்த இடத்தில் துறைமுகமும் வளர்ந்தது. கொழும்புத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவருக்கு 1875இல் அடிக்கல் வைத்தார்கள். 1883 ஜூலை 30ஆம் திகதி அங்கே முதலாவது தேயிலை ஏலம் நடந்தது. 140 வருடங்கள் கடந்தும் ஏலம் கொழும்பில்தான் நடக்கிறது. 2020இலிருந்து கணினித் திரையில் விலை கேட்கிறார்கள். அவ்வளவுதான் மாற்றம்.

ஒரு கிலோ தேயிலை போகும் வழியைப் பாருங்கள். கொழுந்து எடுப்பதும், ஆலையில் வாட்டி அரைத்துக் காயவைப்பதும் மத்திய மாகாணத்தின் கணக்கு. ஊவாவில், சப்ரகமுவவில் எடுத்தால் அந்தந்த மாகாணத்தின் கணக்கு. லொறி கொழும்பில் நுழைந்த பிறகு களஞ்சிய வாடகை, தரகர் பங்கு, கலவை, பொதியிடல், வங்கி வட்டி, காப்புறுதி, துறைமுகக் கட்டணம், ஏற்றுமதியாளர் இலாபம் எல்லாமே மேல் மாகாணத்தின் கணக்கு. இதில் எந்தக் களவும் இல்லை. வேலை எங்கே நடக்கிறதோ அங்கே எழுதுவதுதான் கணக்கியல் முறை. ஆனால் வருடத்துக்கு 130 கோடி டொலருக்கு மேல் கொண்டுவரும் ஒரு பொருளை இரண்டாகப் பிளந்து, மலிவான பாதியை மலையில் வைத்துவிட்டு, "பாருங்கள், மேல் மாகாணத்தின் உற்பத்தித் திறன் எவ்வளவு உயர்வு" என்று சொன்னால் நாம் கேட்கத்தான் செய்வோம். மலையில் எழுதப்படும் பாதி ஏன் மலிவாக இருக்கிறது? நம் நாள் சம்பளம் குறைவாக இருப்பதாலும்தான். 1,000 ரூபாவுக்காக வருடக்கணக்கில் கத்தினோம், அது 2021இல்தான் வந்தது. 2024இல் 1,700 என்று வர்த்தமானி வந்தது, வழக்கும் வந்தது. அந்த வருடம் கடைசியில் கையில் நின்றது 1,350. மலையகத்தின் 'உற்பத்தி' என்று எழுதப்படும் தொகைக்குள்தான் நம் கூலியும் இருக்கிறது. இதைத் தோட்டக் கம்பனிக்காரர்கள் பேச்சுவார்த்தை மேசையில் ஒருபோதும் சொல்வதில்லை. அங்கே கூலி வெறும் செலவு.

இனி நம் பிள்ளைகளைப் பற்றி.

புறக்கோட்டை மொத்த வியாபாரக் கடைகளில் மூட்டை தூக்குகிற நாட்டாமிமார், சாப்பாட்டுக் கடைகளில் மேசை துடைக்கிற பையன்கள், கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி வீடுகளில் சமைக்கிற அக்காமார், கட்டடங்களில் சீமெந்து குழைக்கிறவர்கள், காவல் கூண்டில் இரவு முழுக்க நிற்கிறவர்கள், கட்டுநாயக்க, பியகம வலயங்களில் இயந்திரத்துக்கு முன்னால் இருக்கிற பெண்கள். இவர்களில் எத்தனை பேர் ஹட்டன், பொகவந்தலாவை, பசறை, ஹப்புத்தளை, தெனியாய லயன்களிலிருந்து போனவர்கள் என்பது தீபாவளிக்கு முந்தின இரவில் கோட்டை பஸ் நிலையத்தில் நின்றால் தெரியும்.

அவர்கள் உழைப்பதெல்லாம் மேல் மாகாண உற்பத்தியில் ஏறுகிறது. ஆனால் அவர்களுடைய தலை எங்கே ஏறுகிறது? குடிசன மதிப்பீட்டுக்கு வருகிறவர்கள் வழமையாக வசிக்கும் இடத்தைத்தான் கேட்கிறார்கள். பிள்ளை கடை மாடியில் பாய் விரித்துப் படுக்கிறான். வாடகை உடன்படிக்கை இல்லை, தண்ணீர் பில் இல்லை, வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லை. கிராம உத்தியோகத்தரிடம் அவன் பெயர் தோட்டத்து முகவரியில்தான் இருக்கிறது. கணக்கெடுக்க வருகிறவரிடம் அம்மா, "இங்கேதான் இருக்கிறான், வேலைக்குப் போயிருக்கிறான்" என்றுதான் சொல்வாள். எந்த அம்மா தன் பிள்ளையைக் குடும்பக் கணக்கிலிருந்து வெட்டிவிடச் சொல்வாள்? ஆக, அவன் உழைப்பு மேலே கொழும்பின் தொகையில். அவன் தலை கீழே நுவரெலியாவின் வகுக்கும் எண்ணில். மேலே கூடிக் கீழே குறைந்தால் கொழும்புக்காரனின் தலைக்குரிய பங்கு வீங்கும். நம் பக்கம் தலை கூடித் தொகை குறைந்தால் நம் பங்கு சுருங்கும். ஒரே பிள்ளையை வைத்து இரண்டு பக்கமும் கணக்கு சாய்கிறது. மாதக் கடைசியில் அவன் வீட்டுக்கு அனுப்புகிற ஐயாயிரமோ பத்தாயிரமோ இந்த உற்பத்திக் கணக்கு எதிலும் இல்லை.

இதைச் சொன்னால் சிலர், "எல்லா நாட்டிலும் பெருநகரம் இப்படித்தான்" என்பார்கள். உண்மைதான். பெங்களூரிலும் டாக்காவிலும் கட்டடம் கட்டுகிறவன் வெளியூர்க்காரன்தான். அப்படியானால் நகரங்களை ஒப்பிடும்போது அதையும் ஒப்பிட வேண்டும். எந்த நகரம் தனக்கு உழைக்க வந்தவனுக்கு நல்ல சம்பளமும் படுக்க இடமும் தருகிறது என்று ஒரு பட்டியல் போட்டுப் பார்க்கட்டுமே.

நாமே ஒன்றை ஒப்பிட்டுப் பார்த்தோம். 2023 டிசம்பரிலிருந்து பங்களாதேஷில் ஆடை ஆலைத் தொழிலாளியின் ஆகக் குறைந்த மாதச் சம்பளம் 12,500 டாக்கா. 2025ஆம் ஆண்டு விலையில் ஏறக்குறைய 100 டொலர். நம் நாட்டின் தேசிய ஆகக் குறைந்த மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபா ஆனது. அது அன்றைய விலையில் ஏறக்குறைய 90 டொலர். டாக்கா நம்மைவிட ஏழை நகரம் என்று கொழும்பில் மேடை போட்டுப் பேசுகிறவர்களுக்கு இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துக் காட்டலாம். நியாயமாகச் சொல்வதானால், கட்டுநாயக்க ஆலைகளில் கைக்கு வரும் சம்பளம் இந்தக் குறைந்த அளவைவிடக் கூடுதல்தான். மேலே டொலரைப் பற்றி நாம் சொன்ன குறை இங்கேயும் பொருந்தும். இருந்தாலும் கட்டடத்தின் உயரத்தைக் காட்டும் எண்ணைவிட, அதைக் கட்டியவனின் சம்பளத்தைக் காட்டும் எண் நமக்கு அதிகம் சொல்கிறது.

சராசரி என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2019ஆம் ஆண்டின் வீட்டு வருமான, செலவின ஆய்வில் நாட்டின் குடும்ப மாத வருமானச் சராசரி 76,414 ரூபா. எல்லாக் குடும்பங்களையும் வரிசையாக நிறுத்தி நட்ட நடுவில் நிற்கிற குடும்பத்தைக் கேட்டால் 53,333 ரூபாதான். மேலே இருக்கிற சிலரின் பணம் சராசரியைத் தூக்கிக்கொண்டு போகிறது. அதே ஆய்வில் நகரக் குடும்பத்தின் சராசரி 116,670. தோட்டக் குடும்பத்தின் சராசரி 46,865. வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்கள் கொழும்பு மாவட்டத்தில் 2.3 சதவீதம், நுவரெலியாவில் 26.3, நாடு முழுவதும் தோட்டத்துறையை மட்டும் எடுத்தால் 33.8 சதவீதம். இது நெருக்கடிக்கு முந்திய கணக்கு. 2022 செப்டெம்பரில் விலைவாசி ஒரு வருடத்துக்குள் கொழும்புச் சுட்டெண்ணில் 69.8 சதவீதமும், தேசியச் சுட்டெண்ணில் 73.7 சதவீதமும் ஏறியதற்குப் பிறகு நம் அடுப்பங்கரை எப்படி ஆனது என்று உங்களுக்கே தெரியும்.

இதில் யாருமே பேசாத ஒரு கூட்டம் இருக்கிறது. பெருநகரப் பிராந்தியம் என்று கோடு போட்ட அந்த மூன்று மாவட்டங்களுக்கு உள்ளேயே தோட்டங்கள் இருக்கின்றன. மத்துகம, புளத்சிங்கள, இங்கிரிய, அவிசாவளைப் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களிலும் தேயிலைத் தோட்டங்களிலும் நம் ஆட்கள் இன்றும் லயன் காம்பராவில்தான் இருக்கிறார்கள். வரைபடத்தில் அவர்கள் மெகாபொலிஸ் வாசிகள். மழை பெய்தால் கூரைக்குக் கீழே சட்டி வைக்கிற மெகாபொலிஸ் வாசிகள். மேல் மாகாணத்தின் தலைக்குரிய 139 என்ற அந்த எண் அவர்கள் தலையிலும் விழுகிறது. 'உயர் வருமான மாகாணம்' என்ற பெயரால் அவர்களுக்கு வரவேண்டிய உதவி வேறெங்கோ போகிறது என்று களுத்துறை மாவட்டத் தோழர்கள் நம் கூட்டங்களில் சொல்லாத வருடமே இல்லை. நுவரெலியாக்காரன் தன் மாவட்டத்தின் வறுமை எண்ணையாவது காட்டிக் கேட்கலாம். அவர்களுக்கு அதுவும் இல்லை. பணக்காரச் சராசரிக்குள் புதைந்து கிடக்கிறார்கள்.

ஆகவே கேட்க வேண்டியதைக் கேட்போம். மேல் மாகாணத்தை வேறு நகரங்களோடு ஒப்பிட வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை, ஒப்பிடட்டும். மத்திய வங்கி மாகாண உற்பத்தியை வெளியிடும்போது அதில் கூலியாகப் போன பங்கு எவ்வளவு, இலாபமாகப் போன பங்கு எவ்வளவு என்றும் மாகாணவாரியாகச் சொல்லட்டும். தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் "எங்கே வசிக்கிறீர்கள்" என்ற கேள்விக்குப் பக்கத்தில் "எங்கே உழைக்கிறீர்கள்" என்பதையும் வைத்து, மாவட்டம் விட்டு மாவட்டம் போகும் உழைப்பைத் தனியாக வெளியிடட்டும். மேல் மாகாணத் தோட்டத்துறையைத் தனி வரியில் காட்டட்டும். ஏற்கெனவே போகிற உத்தியோகத்தர் கையில் கூடுதலாக இரண்டு கேள்வி. புதிய அமைச்சு எதுவும் வேண்டாம்.

ஆனால் பிறரைக் கேட்பதற்கு முன் நம்மைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் சங்கத்தின் கணக்கும் இதே குறையோடுதான் இருக்கிறது. சந்தா செக்ரோலில் கழிகிறது. பிள்ளை பெரட்டுக்குப் போவதை நிறுத்திக் கொழும்புக்கு பஸ் ஏறிய அன்றே செக்ரோலிலிருந்து பெயர் போகிறது, சங்கத்திலிருந்தும் பெயர் போகிறது. மத்திய வங்கி அவனைக் கொழும்பின் தொகையிலாவது சேர்க்கிறது. நாம் எதிலும் சேர்க்கவில்லை. அவனுக்கு நியமனக் கடிதம் தர வேண்டும் என்று 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம் சொல்கிறது. முதலாளி 12 சதவீதமும் தொழிலாளி 8 சதவீதமும் ஊழியர் சேமலாப நிதிக்குக் கட்ட வேண்டும். முதலாளி மேலும் 3 சதவீதம் நம்பிக்கை நிதிக்குக் கட்ட வேண்டும். தோட்டத்தில் இந்த 12, 8, 3 நமக்கு மனப்பாடம். ஒரு மாதம் கட்டத் தவறினால் தோட்ட அலுவலகத்தின் முன் போய் நிற்போம். அதே பிள்ளை கடையில் ஆறு வருடம் வேலை செய்து, ஒரு கடிதமும் ஓர் இலக்கமும் இல்லாமல் முதுகு வலியோடு வீட்டுக்கு வரும்போது, "கொழும்பில் அப்படித்தான்" என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கிறோம்.

அடுத்த மாத மாவட்டக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு தோட்டத் தலைவரும் ஒவ்வொரு மாதர் தலைவியும் ஒரு அப்பியாசக் கொப்பி கொண்டு வாருங்கள். லயம் லயமாகப் போய், மேல் மாகாணத்தில் வேலை செய்யும் பிள்ளைகளின் விபரத்தை அதில் எழுதுங்கள். என்ன வேலை, எந்த ஊர், எத்தனை வருடம், நியமனக் கடிதம் உண்டா, சேமலாப நிதி இலக்கம் உண்டா, படுப்பது எங்கே, வீட்டுக்கு எவ்வளவு அனுப்புகிறான். பெயரும் தொலைபேசி இலக்கமும் உங்களிடமே இருக்கட்டும். கூட்டத்துக்கு எண்ணிக்கை போதும். வீட்டு வேலைக்குப் போன பெண்களை விட்டுவிடாதீர்கள். அவர்கள் விபரத்தைத் தாய்மாரிடம் தனியாகக் கேளுங்கள், ஆண்களுக்கு முன்னால் சொல்ல மாட்டார்கள். களுத்துறை, அவிசாவளைத் தோழர்கள் தங்கள் தோட்டத்து லயன்களின் எண்ணிக்கையையும், எத்தனை காம்பராவில் கூரை ஒழுகுகிறது என்பதையும் சேர்த்து எழுதி வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் தொலைபேசியில் பேசும்போது கேட்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.